வீட்டில் படிக்கும் நம் பிள்ளைகளின் எழுத்தாற்றலை வளர்ப்போம்

பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலிருந்தே படிக்கும் பதின்ம வயதுப் பிள்ளைகள் இன்று நம் சமுதாயத்தில் பல வகையாக இருக்கிறார்கள். ஹிஃப்ளு முடிப்பதற்காக இரண்டு மூன்று ஆண்டுகள் பள்ளியை விட்டுவிட்டு, பிறகு தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதுகிறவர்கள் உண்டு. வாப்பாவின் வளைகுடா வேலை மாறியதால் கல்வியாண்டின் நடுவில் ஊர் திரும்பி, திறந்தநிலைப் பள்ளியில் பதிந்து படிப்பவர்கள் உண்டு. மார்க்கச் சூழலில் வளர வேண்டும் என்று பெற்றோர் யோசித்துத் திட்டமிட்டு வீட்டுக்கல்வி கொடுக்கும் பிள்ளைகளும் உண்டு.

இந்தப் பிள்ளைகளில் சிலர் எழுதுகிறார்கள். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நாலு வரிக் கவிதை, கைபேசியின் குறிப்புப் பகுதியில் பாதிக் கதை, தலையணைக்கு அடியில் ஒரு டைரி என்று அது ஒளிந்திருக்கும். பார்த்துவிட்டால் நம்மில் பலர் சொல்வது ஒன்றுதான்: "இதெல்லாம் எதுக்கு? ஓதுறதைப் பாரு, படிக்கிறதைப் பாரு."

பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் ஆசிரியர் ஒருவராவது இருப்பார். ஆண்டுவிழா இருக்கும், கட்டுரைப் போட்டி இருக்கும், எழுதியதைக் காட்டப் பக்கத்து பெஞ்சுத் தோழி இருப்பாள். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அந்த இடம் முழுவதும் நாம்தான். நாம் திருப்பி அனுப்பிவிட்டால் அந்தப் பிள்ளை தட்டுவதற்கு வேறு கதவு இல்லை. அதனால்தான் இதை நாம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

கதை எழுதுவது பொய் சொல்வதாகுமா?

மார்க்கப் பற்றுள்ள வீடுகளில் முதலில் எழும் கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

முதல் வஹீயே ஓதுவதைப் பற்றியும் எழுதுகோலால் கற்பிக்கப்படுவதைப் பற்றியும் பேசுகிறது. எழுதுகோலின் பெயரிலேயே ஒரு சூரா இருக்கிறது. கவிஞர்களைப் பற்றிய எச்சரிக்கை அஷ்ஷுஅரா சூராவின் கடைசி வசனங்களில் வருகிறது. பலர் அந்த எச்சரிக்கையோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் அதைத் தொடர்ந்து, ஈமான் கொண்டு நல்லறங்கள் செய்து அல்லாஹ்வை அதிகம் நினைவுகூர்பவர்களுக்கு விதிவிலக்கும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது. கவிதைகளில் ஞானம் நிறைந்தவையும் உண்டு என்ற கருத்திலான நபிமொழி புகாரியில் பதிவாகியுள்ளது. ஹஸ்ஸான் பின் ஸாபித் (ரலி) கவிதை சொல்வதற்காக நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் மேடை அமைத்துக் கொடுத்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம்.

கற்பனைக் கதை என்று வரும்போது, எழுதுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் அது கற்பனை என்று தெரியும். ஏமாற்றும் எண்ணம் அங்கே இல்லை. அல்ஹரீரியின் மகாமாத் கற்பனைப் பாத்திரங்களைக் கொண்ட நூல்தான். அது நிஸாமி பாடத்திட்டத்தில் அரபி இலக்கியப் பாடமாகவே தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வந்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு துஃபைல், ஆளில்லாத் தீவில் தனியே வளரும் ஒரு குழந்தையின் கதையை எழுதினார். சிந்தித்தே படைத்தவனை அறிய முடியுமா என்பதைப் பேச அவர் எடுத்துக்கொண்ட வழி கதை.

எல்லைகளையும் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நபிமார்களுக்கும் ஸஹாபாக்களுக்கும் கற்பனை வசனம் எழுதுவது கூடாது. இல்லாத ஹதீஸைக் கதைக்குள் நுழைப்பது கூடாது. ஊரில் உள்ள ஒருவரை அடையாளம் தெரியும்படி எழுதி அவமானப்படுத்தினால் அது புறமாகவோ அவதூறாகவோ ஆகிவிடும். இவற்றுக்கு அப்பால் சந்தேகம் வந்தால் நம்பிக்கையான ஆலிம் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளலாம். எல்லை எங்கே என்று தெரிந்த பிள்ளை அதற்குள் துணிந்து நடக்கும். எதுவுமே சொல்லாமல் பயத்தை மட்டும் காட்டினால் ஒன்று எழுதுவதை விட்டுவிடும், அல்லது ஒளித்து எழுதும்.

நமக்கு முன்னே எழுதியவர்கள்

ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களுக்கு ஹிஜ்ரத்தின்போது ஏறத்தாழ 11 வயது. யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அவரிடம் சொன்னார்கள். பதினைந்து நாள் அளவில் கற்று, கடிதங்கள் எழுதவும் வாசிக்கவும் தொடங்கினார். பிற்காலத்தில் குர்ஆனைத் தொகுக்கும் மாபெரும் பொறுப்பு அவரிடம்தான் கொடுக்கப்பட்டது. இளம் வயதில் ஒரு திறமையைக் கண்டு, அதற்கு ஒரு வேலையும் கொடுத்த நபிவழி இது.

தமிழ் முஸ்லிம்களுக்கு எழுத்து புதிதல்ல. கண்டியில் வாழ்ந்த சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். 1885இல் அவர் எழுதிய 'அஸன்பேயுடைய கதை' தமிழின் ஆரம்ப நாவல்களில் ஒன்று.

நாகூரில் 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். சிறு வயதிலேயே திருமணமாகி, இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். 1938இல் 'காதலா கடமையா' என்ற அவரது நாவல் வெளிவந்தது. அதற்கு அணிந்துரை தந்தவர் உ.வே. சாமிநாதையர். ஒரு பட்டமும் இல்லாமல் வீட்டிலிருந்து படித்த முஸ்லிம் பெண்ணின் நூலுக்குத் தமிழ்த்தாத்தாவின் அணிந்துரை கிடைத்தது என்பதை நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோமா?

தேங்காப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் பள்ளியில் மலையாள வழியில் படித்தவர். தன் கடலோர ஊரின் பேச்சுத் தமிழைக் கொண்டே நாவல் எழுதினார். 'சாய்வு நாற்காலி' நாவலுக்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

இங்கே ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். வீட்டுக்கல்வி வேறு, படிப்பை நிறுத்துவது வேறு. துவரங்குறிச்சியைச் சேர்ந்த கவிஞர் சல்மாவின் பள்ளிப்படிப்பு 13 வயதில் நின்றுபோனது. அவருடைய எழுத்தில் நம்மில் பலருக்கு உடன்பாடில்லாத இடங்கள் இருக்கலாம். ஆனால் படிப்பை நிறுத்தினால் மனதும் நின்றுவிடும் என்று எண்ணுகிறவர்களுக்கு அவர் வாழ்க்கை ஒரு பதில். வயதுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்தி, வீட்டு வேலையோடு உட்காரவைத்துவிட்டு, அதற்கு வீட்டுக்கல்வி என்று பெயர் சூட்டினால் அது கல்வியாகாது. பாடம், நேரம், புத்தகம், தேர்வு, வழிகாட்ட ஒருவர் ஆகிய ஐந்தும் இருந்தால்தான் அது வீட்டுக்கல்வி.

வாசிப்புதான் விதை

எழுதச் சொல்வதற்கு முன் வாசிக்கக் கொடுக்க வேண்டும். வீட்டில் பாடநூலும் ஓதல் கிதாபும் மட்டுமே இருந்தால் பிள்ளை பாடநூல் நடையில்தான் எழுதும்.

மாவட்ட மைய நூலகமோ கிளை நூலகமோ நம்மில் பெரும்பாலோருக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. உறுப்பினர் கட்டணம் ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலைகூட ஆகாது. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023 முதல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதியோடு இயங்குகின்றன. மாதம் ஒருமுறை குடும்பமாகப் போய்வரலாம். பெண்பிள்ளையை நூலகத்துக்கு அனுப்பத் தயங்கும் வாப்பாமார்கள், தாங்களே அழைத்துப் போகலாமே.

வைக்கம் முஹம்மது பஷீரின் கதைகள் தமிழில் கிடைக்கின்றன. ஓர் எளிய முஸ்லிம் குடும்பத்தின் அடுப்படியும் ஆட்டுக்குட்டியும் சண்டையும் சிரிப்பும் எப்படி இலக்கியமாகின்றன என்பதை 'பாத்துமாவின் ஆடு' காட்டும். 15 வயதுக்கு மேல் உள்ளவர்கள் அதை ரசிப்பார்கள். எந்தப் புத்தகத்தையும் பிள்ளையிடம் கொடுக்கும் முன் நாம் ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது. இதற்குக் கண்காணிப்பைத் தாண்டிய பயனும் உண்டு. வாசித்திருந்தால்தானே சாப்பிடும்போது அதைப் பற்றிப் பேச முடியும்?

குர்ஆனிலிருந்து சொல்முறையைக் கவனிக்கலாம்

குர்ஆன் கதைப் புத்தகம் அல்ல. நேர்வழி காட்டும் இறைவேதம். ஆனாலும் யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை மிக அழகிய வரலாறு என்று அல்லாஹ்வே அறிமுகப்படுத்துகிறான். ஹிஃப்ளு செய்யும் பிள்ளைக்கு அந்த சூராவின் 111 வசனங்களும் மனப்பாடமாக இருக்கும். பொருளோடு அதை உட்கார்ந்து வாசிக்கும்போது, ஒரு வரலாறு சொல்லப்படும் முறையையும் கவனிக்கச் சொல்லலாம்.

தொடக்கத்தில் ஒரு கனவு: பதினொரு நட்சத்திரங்களும் சூரியனும் சந்திரனும். முடிவில் அந்தக் கனவு நனவாகிறது. இடையில் நடப்பவை அனைத்தும் அந்த இரண்டு கரைகளுக்கு நடுவே ஓடுகின்றன. அதேபோல ஒரு சட்டையைக் கவனியுங்கள். சகோதரர்கள் அதைப் பொய் இரத்தம் பூசிக் கொண்டுவருகிறார்கள். அஜீஸின் வீட்டில் சட்டை பின்பக்கம் கிழிந்திருப்பது யூஸுஃப் (அலை) அவர்கள் குற்றமற்றவர் என்பதற்குச் சாட்சியாகிறது. கடைசியில் அவர்களின் சட்டை யஃகூப் (அலை) அவர்களின் முகத்தில் போடப்பட்டதும் பார்வை திரும்புகிறது. பொய்க்கு ஒருமுறை, உண்மைக்கு ஒருமுறை, அருளுக்கு ஒருமுறை.

இதைக் கவனித்த பிள்ளையிடம், "உன் கதையில் ஒரு பொருளை மூன்று இடத்தில் கொண்டு வா பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். உம்மாவின் கைக்கடிகாரமோ, வாப்பா அனுப்பிய அட்டைப்பெட்டியோ, உடைந்த கொடைக்கம்பியோ எதுவாகவும் இருக்கலாம். கதை கட்டும் வேலை பாதி அதிலேயே புரிந்துவிடும். கூடவே, ஓதியதன் பொருளை ஊன்றி வாசிக்கும் பழக்கமும் வரும்.

நம் வீட்டுத் தமிழ் ஒரு செல்வம்

ஒரு வீட்டில் வாப்பா, இன்னொரு வீட்டில் அத்தா. சில ஊரில் ராத்தா, சில ஊரில் லாத்தா. காயல்பட்டினத்தில் ஒரு பேச்சு, மேலப்பாளையத்தில் ஒரு பேச்சு, கம்பத்தில் வேறு பேச்சு. அரபி, பார்சி, உருது, மலாய் எல்லாம் கலந்த சொற்கள் நம் அடுப்படியிலேயே புழங்குகின்றன. அரபுத்தமிழ் என்று தனி எழுத்து முறையையே உண்டாக்கி, அதில் நூல்கள் எழுதிய சமுதாயம் நாம்.

ஆனால் பிள்ளைகள் எழுத உட்கார்ந்ததும் இதையெல்லாம் மறந்து "தந்தை", "தாய்", "சிற்றுண்டி" என்று எழுதுகிறார்கள். நாம் பேசுவது தப்புத்தமிழ் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த எண்ணத்தை மாற்ற வேண்டும். கதை சொல்பவரின் நடை பொதுத்தமிழில் இருக்கலாம், பாத்திரங்கள் பேசும்போது நம் வீட்டில் பேசுவதுபோலப் பேசட்டும். நன்னியிடம் கேட்டு வீட்டுச் சொற்களை ஒரு நோட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். நூறு சொல் சேர்ந்தால் அது குடும்பத்துக்கே ஒரு சொத்து. பல சொற்கள் நன்னிமார்களோடு போய்க்கொண்டிருக்கின்றன.

வீட்டுக்கல்வியில் ஆங்கிலத்துக்கும் அரபிக்கும் நேரம் ஒதுக்கிவிட்டுத் தமிழை விட்டுவிடும் வீடுகள் பெருகி வருகின்றன. ஆங்கிலத்தில் எழுத விரும்பும் பிள்ளை எழுதட்டும், தடையில்லை. ஆனால் நன்னியின் பேச்சை நன்னியின் மொழியில் எழுதத் தெரியாத பிள்ளை, தன் வீட்டையே பாதிதான் எழுத முடியும்.

வாரம் நான்கு மணி நேரம் போதும்

தனி ஆசிரியர் தேவையில்லை. வாரத்தில் நான்கு நாள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஃபஜ்ருக்குப் பின் ஹிஃப்ளு பாடம் ஓடும் வீட்டில், அஸருக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். என்ன செய்யலாம் என்பதற்குச் சில பயிற்சிகள்:

கடிதம். முன்பெல்லாம் சவூதிக்கும் துபாய்க்கும் பக்கம் பக்கமாகக் கடிதம் போனது. இப்போது குரல் பதிவு போகிறது. மாதம் இரண்டு முறை வாப்பாவுக்கோ மாமாவுக்கோ ஒரு பக்கக் கடிதம் எழுதட்டும். கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பலாம். உண்மையான வாசகர் ஒருவர் இருப்பதால் எழுத்தில் பொய்யான அலங்காரம் தானாகக் குறையும்.

பெரியவரிடம் கேட்டு எழுதுதல். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இராமநாதபுரம் கடலோரத்தில் இன்னும் இருக்கிறார்கள். 2004 சுனாமியை நாகூரிலும் நாகப்பட்டினத்திலும் பார்த்தவர்கள் நம் வயதுக்காரர்களே. பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் திரும்பிய குடும்பங்களின் கதைகள் இருக்கின்றன. பத்துக் கேள்வி தயாரித்துப் போய்க் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள்.

தடைச் சொல் பயிற்சி. ரமலானில் அஸருக்குப் பின் பள்ளிவாசலில் நோன்புக்கஞ்சி வாங்கும் வரிசையைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். ஆனால் "அழகான", "அருமையான", "மகிழ்ச்சியான" ஆகிய மூன்று சொற்களும் வரக்கூடாது. அப்போதுதான் பிள்ளை தூக்குச்சட்டியின் சூட்டையும், இஞ்சி பூண்டு வாசத்தையும், வரிசையில் முந்தும் சிறுவனையும் பார்க்கத் தொடங்கும்.

இரண்டு கண். ஒரே சண்டையை அக்கா சொல்வதுபோல ஒரு பக்கம், தங்கை சொல்வதுபோல ஒரு பக்கம். இது எழுத்துக்கும் பயிற்சி, நீதிக்கும் பயிற்சி. இரு தரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது நம் மார்க்கத்தின் பாடமும்கூட.

சுருக்குதல். 300 சொல்லில் எழுதியதை 150 ஆக்கச் சொல்லுங்கள். எது போனாலும் குறையவில்லையோ அது தேவையில்லாதது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும்.

எப்படி முன்னேற்றம் தெரியும்? "பெருநாள் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது" என்று எழுதிய பிள்ளை, சில மாதங்களில் "தொழுதுவிட்டு வந்து பார்த்தால் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை" என்று எழுதும். மகிழ்ச்சி என்ற சொல்லே இல்லை, வீடு நிறைந்திருப்பது தெரிகிறது. இந்த மாற்றத்தைக் காணும் நாளில் வாய்விட்டுப் பாராட்டுங்கள்.

திருத்துவதில் நிதானம்

பத்து வயதிலிருந்து பத்தாண்டுக் காலம் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறைகூடச் 'சீ' என்று சொன்னதில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று கடிந்ததுமில்லை. எழுதிய தாளை நீட்டும் பிள்ளையின் முன் இந்த நபிவழியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வாசிப்பில் சிவப்பு மை வேண்டாம். முழுவதும் படித்துவிட்டு, பிடித்த இரண்டு இடங்களைச் சுட்டிச் சொல்லுங்கள். "நல்லா இருக்கு" என்று பொதுவாகச் சொல்லாமல், "தாத்தா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பதில் சொல்லாமல் இருக்கிற இடம் பிடித்தது" என்று சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: "அந்தப் பையன் ஏன் திரும்பி வரவில்லை என்று எனக்குப் புரியவில்லையே?" பிள்ளையே போய்த் திருத்தும்.

எழுத்துப்பிழைகளை வாரத்துக்கு ஒரு வகையாக எடுத்துக்கொள்ளலாம். இந்த வாரம் ல, ள, ழ. அடுத்த வாரம் ர, ற. அதற்கடுத்து ன, ண. பிறகு ஒற்று மிகும் இடங்கள். ஒரே நாளில் எல்லாப் பிழையையும் வட்டமிட்டுக் கொடுத்தால் பிள்ளையின் கண்ணுக்கு வட்டங்கள்தான் தெரியும்.

உறவினர் கூடியிருக்கும்போது, "இவ கவிதையெல்லாம் எழுதுறா, எங்கே ஒண்ணு சொல்லு" என்று கேட்டு எல்லோரும் சிரிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அன்போடு செய்வதுதான். ஆனால் 14 வயதுப் பிள்ளைக்கு அது அம்பு.

அந்த நோட்டு யாருடையது?

இதுதான் பெற்றோருக்கு மிகக் கடினமான இடம். பிள்ளையின் டைரியைப் படிக்கலாமா?

துருவித் துருவி ஆராய்வதைக் குர்ஆன் தடுத்திருக்கிறது. அதே சமயம் பிள்ளைகளைப் பற்றி நாம் விசாரிக்கப்படுவோம் என்பதும் உண்மை. நடைமுறையில் இப்படி ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம்: இரண்டு நோட்டு. ஒன்று பாட நோட்டு, அதை நாம் படிப்போம். இன்னொன்று சொந்த நோட்டு, பிள்ளை காட்டினால் ஒழியத் திறக்க மாட்டோம். இந்த வாக்கைக் கொடுத்தால் காப்பாற்றியே ஆக வேண்டும்.

பதின்ம வயதில் கோபம் வரும், தனிமை வரும், மனதில் கேள்விகள் வரும், யார்மீதோ விருப்பமும் வரும். தாளில் அது வந்து விழுந்தால், அந்தத் தாளைக் கிழிப்பதாலோ அடுப்பில் போடுவதாலோ மனதில் உள்ளது எரிந்துவிடாது. இனி நம்மிடம் எதையும் காட்டக்கூடாது என்ற பாடத்தை மட்டும் பிள்ளை கற்கும். கதையில் ஒரு பாத்திரம் உம்மாவோடு சண்டை போட்டால், அது நம்மைத்தான் என்று உடனே கொள்ளவும் வேண்டாம். கதையைக் கதையாகப் பேசுங்கள். பேசப்பேசப் பிள்ளை தானாகவே உண்மையைச் சொல்லும்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. வாழவே பிடிக்கவில்லை, தன்னை முடித்துக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் திரும்பத் திரும்ப எழுதினாலோ பேசினாலோ, அதைக் கவிதை என்று கடந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேளுங்கள், நேரடியாகவே கேளுங்கள். மனநல மருத்துவரை அணுகுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். ஈமான் குறைவு என்று கண்டிக்கும் நேரம் அதுவல்ல. மருத்துவம் பார்ப்பதும் மார்க்கம் சொன்னதே.

எழுத்துக்குக் கூட்டு வேண்டும்

வீட்டில் படிக்கும் பிள்ளையின் பெரிய குறை நண்பர்கள் குறைவு என்பது. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தால் இதைச் சரிசெய்யலாம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு வீட்டில் பெண்பிள்ளைகள், இன்னொரு வீட்டில் அல்லது மஹல்லா கட்டடத்தில் ஆண்பிள்ளைகள் கூடட்டும். ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் தாம் எழுதியதை வாசிக்க வேண்டும். கேட்டவர்கள் பிடித்ததைச் சொல்ல வேண்டும், பிறகு புரியாததைக் கேட்க வேண்டும். பெரியவர் ஒருவர் தேநீர் கொடுத்துவிட்டு ஓரமாக இருந்தால் போதும்.

மூன்று மாதத்துக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை கொண்டுவரலாம். தமிழில் எத்தனையோ எழுத்தாளர்கள் கையெழுத்துப் பத்திரிகையில் தொடங்கியவர்களே. கதை, கவிதை, நன்னியின் நேர்காணல், ஒரு சமையல் குறிப்பு, ஒரு விடுகதைப் பக்கம் என்று பதினாறு பக்கம். ஜெராக்ஸ் எடுத்துப் பத்து உறவினருக்குக் கொடுத்தால் செலவு சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். நம் பள்ளிவாசல் நூலகங்களில் ஒரு பிரதி வைக்க ஜமாஅத்தார் மனம் வைக்கலாம். பெருநாள் மலர் வெளியிடும் சங்கங்கள், அதில் இரண்டு பக்கம் இந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம்.

கைபேசியும் இணையமும்

தமிழ்த் தட்டச்சை முறையாகக் கற்பித்துவிடுங்கள். தமிழ்99 விசைப்பலகை சில வாரப் பயிற்சியில் கைக்கு வந்துவிடும், வாழ்நாள் முழுதும் உதவும். ஆனால் முதல் வரைவு தாளில் இருப்பது நல்லது. கைபேசியில் எழுதத் தொடங்கினால் இடையில் வரும் ஒவ்வொரு செய்தியும் ஒரு வரியைத் தின்றுவிடும்.

தொடர்கதை வெளியிடும் செயலிகளில் வயதுக்கு ஒவ்வாதவை நிறைய உண்டு. முன்பின் தெரியாதவர்கள் வாசகராக வந்து தனிச்செய்தி அனுப்புவதும் நடக்கிறது. 18 வயது வரை சொந்தப் பெயர், ஊர், படம் இல்லாமல், பெற்றோருக்கும் தெரிந்த கணக்கிலிருந்து வெளியிடுவதே பாதுகாப்பு. புனைபெயர் தமிழ் இலக்கியத்தில் மதிப்பான மரபுதான்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஒரு நொடியில் கதை எழுதித் தருகின்றன. அதைத் தன் பெயரில் கொடுத்தால் அது நேர்மையல்ல, பயிற்சியும் ஆகாது. மதரஸாவில் வேறொரு பையனை நமக்குப் பதிலாகப் பாடம் ஒப்பிக்கச் சொன்னால் ஹிஃப்ளு நமக்கு வருமா? அதே கணக்குதான்.

இது சோறு போடுமா?

பெற்றோரின் இந்தக் கவலையைக் குறைத்துச் சொல்ல முடியாது. எழுத்தை மட்டும் நம்பிப் பிழைப்பது தமிழில் கடினம் என்பதைப் பிள்ளையிடம் மறைக்கவும் வேண்டாம். ஆனால் தெளிவாக எழுதத் தெரிந்தவரை வக்கீல் தொழிலும், பத்திரிகையும், மொழிபெயர்ப்பும், ஆசிரியர் பணியும், திரைக்கதையும், விளம்பரமும் தேடுகின்றன. ஜுமுஆ பயான் தயாரிக்கும் இளம் ஆலிமுக்கும் இது தேவை. வக்ஃபு விஷயமாக மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுத ஊரில் யார் இருக்கிறார் என்று நாம் தேடி அலைந்ததில்லையா?

சான்றிதழ் வழியும் அடைபடக்கூடாது. 1989இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். குறைந்தது ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. தமிழ் மொழிப்பாடமும் உண்டு. எழுதும் பிள்ளைக்குத் தமிழைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கட்டுரையும் கடிதமும் மதிப்பெண்ணாகவும் மாறும்.

நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதும்போது நாம் வருந்துகிறோம். சினிமாவிலும் செய்தியிலும் நம்மை ஒரே அச்சில் வார்க்கிறார்கள் என்று குறைபட்டுக்கொள்கிறோம். நம் வீட்டுக் கஞ்சியின் மணத்தையும், நன்னியின் கோபத்தையும், வாப்பா விமானம் ஏறும் இரவின் அமைதியையும் உள்ளிருந்து எழுதக்கூடிய பிள்ளை இப்போது நம் வீட்டு மூலையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

இந்த வாரமே ஒரு வேலை செய்வோம். இரண்டு நூறு பக்க நோட்டும் ஒரு நல்ல பேனாவும் வாங்குவோம். ஒன்றில் முதல் பக்கத்தில் பிஸ்மி எழுதிக் கொடுப்போம். மற்றொன்றைத் திறக்காமலே கொடுப்போம். அவர்கள் எழுதுவதில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.